வீட்டுக்குள் ஓடிய மதுரை பஸ்

போன மாதம் அரசு மருத்துவமனையில் இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஓர் இளம் தாய் இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையின் கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. என் மகனின் கால்களும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தன. பேச்சுவாக்கில் அவர், "அக்கா, ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவாள் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே வார்த்தைகளை நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைத் தடுத்து உட்கார வைக்க அன்று ஒருவரும் இல்லை. அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லாமல் விட்டவைதான் மனதில் ஓடின. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. நான் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நான், என் அம்மா, மகன். மகனை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். 2016 டிசம்பரில், 31ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1.4 கிலோ. 38 நாட்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். ஒரு வயது தாண்டியும் உட்காரவில்லை. "ஆண்பிள்ளை கொஞ்சம் தாமதமாகத்தான் உட்காருவான்" என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன். ஒன்றரை வயதில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு "செரிப்ரல் பால்சி" என்றார். மூளை முடக்குவாதம். நாலு நிமிடத்தில் விளக்கி அனுப்பிவிட்டார். வாதம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது.

அன்றைக்கு யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். குறைமாதத்தில் பிறக்கும் சில குழந்தைகளின் மூளையில் சில நரம்பு இழைகள் சேதமாகிவிடுகின்றன. கால்களுக்குப் போகும் இழைகள் அந்த இடத்துக்கு மிக அருகில் செல்வதால், கைகளைவிடக் கால்கள் அதிகமாக இறுகிப்போகின்றன. அந்தச் சேதம் மேலும் வளராது. முழுதாக ஆறவும் ஆறாது. ஆனால் குழந்தை வளர வளரத் தசை இறுகும், மூட்டு மடங்கும். அதனால்தான் உடற்பயிற்சி, காலை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்ட், இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று பார்க்க அவ்வப்போது எக்ஸ்ரே எல்லாம் தேவைப்படுகின்றன. இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதே தம்பிக்கு நான்கு வயதான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் குழந்தைக்கு இதுவரை எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.

இதெல்லாம் தெரியாததால் நான் ஓடிய ஓட்டத்தைச் சொல்கிறேன். முதலில் மூலிகை எண்ணெய்ப் பிழிச்சல். ஆறு மாதத்துக்கு 34,000 ரூபாய். பிள்ளை அலறிக்கொண்டே இருப்பான். "அழுதால்தான் நரம்பு திறக்கும்" என்றார்கள். அடுத்து, கடையில் அளவெடுத்துச் செய்த ஸ்பிளிண்ட், 9,000 ரூபாய். கணுக்காலில் புண் வந்ததுதான் மிச்சம். ஸ்பிளிண்டைக் கழற்றி அரை மணி நேரம் கழித்தும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் அதன் அளவு சரியில்லை என்று பொருள், உடனே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. மூளை வளர்ச்சிக்கென்று இணையத்தில் வாங்கிய விளையாட்டுப் பொருட்களுக்கு 11,500. எல்லாவற்றுக்கும் மேலாக, 2019 நவம்பரில் ஒரு பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையில், வேறு செல்களாக மாறக்கூடிய அடிப்படைச் செல்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சை. அதற்கு 1,60,000 ரூபாய். போக்குவரத்து, தங்கும் அறை, சாப்பாடு சேர்த்து இன்னும் 22,000. எட்டுப் பவுனை அடகு வைத்தேன். மொத்தம் 2,36,500 ரூபாய். கடனை அடைத்து நகையை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டும்தான் அது ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்ற எதற்கும் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். அப்படிச் செய்யும்போது நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அந்த ஒரு வரி தெரிந்திருந்தால், என் பிள்ளையின் இடுப்பெலும்பிலும் முதுகிலும் ஊசி இறங்கியிருக்காது.

பணத்தைப் பற்றி என்னால் இப்போது நிதானமாகப் பேச முடிகிறது. அடுத்ததைச் சொல்லும்போதுதான் கை நடுங்குகிறது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. வாரம் ஒருமுறை மதுரைக்குப் பிசியோதெரபிக்குப் போய் வந்தது நின்றுபோனது. ஆலையும் மூடிவிட்டார்கள். முதல்முறையாக முழு நாளும் பிள்ளையோடு இருந்தேன். ஏப்ரலில் ஒரு மத்தியானம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். பாயில் ஒருக்களித்துக் கிடந்த தம்பி, தன் துணிப் பொம்மையைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் முழங்கையை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் ஒரு தீக்குச்சி. "அசையாதே. அசையாதே. முடிந்துவிட்டது. அசையாதே" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த ஊசி அறையில் அவனைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தைகள் அவை. அதே குரல்கூட. பிறகு பொம்மையைத் திருப்பி அதன் கண்ணைத் துடைத்துவிட்டான்.

ஓடிப்போய்த் தூக்கிக் கட்டிக்கொள்ளத்தான் கால் துடித்தது. ஏனோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அன்று தலையிடாமல் நின்றது, தெரியாமல் நான் செய்த நல்ல காரியம். ஒரு வாரம் அவன் அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினான். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ பொம்மை எழுந்து, "எனக்கு வேண்டாம், போ" என்று சொல்லியது. தன் பொம்மையின் வாயால்தான் என் மகன் முதன்முதலில் வேண்டாம் என்று சொன்னான். அதுவரை அவன் எதையும் மறுத்ததே கிடையாது. எவ்வளவு சமர்த்தான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். பயந்து ஒடுங்கிக் கிடந்ததைச் சமர்த்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் வாழ்ந்த மூன்றேகால் ஆண்டுகளை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அவனைத் தொட்ட ஒவ்வொரு கையும் அவனைத் திருத்துவதற்காகத் தொட்டது, என் கையும் சேர்த்து. உட்கார வைத்தோம், நிற்க வைத்தோம், காலை விரித்தோம், இழுத்தோம். அவனாக எதையும் தொடங்கியதில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எதையாவது கொடுப்பான், மிரட்டுவான், கட்டளையிடுவான், ஏமாற்றுவான். இவன் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே இருந்தான். வெளியாள் வந்தால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வான். வாக்கரில் நிறுத்தினால் விரல் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பிடித்துக்கொண்டு, பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பஸ் விளையாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. ஊரடங்கில் ஒருநாள் அவன், "மதுரை பஸ் எங்கே?" என்று கேட்டான். ஓடவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாம் ஓட்டுவோம்" என்றான். நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவர் ஓரமாக இரண்டிரண்டாகப் போட்டேன். நீ டிரைவரா என்று கேட்டேன். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதால் அதைத்தான் அவனுக்கு வைத்திருந்தேன். "இல்லை. கண்டக்டர்" என்றான். கண்டக்டர் நிற்க வேண்டுமே, நடக்க வேண்டுமே என்று என் வாய்வரை வந்தது. சொல்லாமல் விழுங்கினேன்.

தினசரி காலண்டர் தாளைக் கத்தரித்து, ரப்பர் பேண்டு போட்டு டிக்கெட் கட்டு செய்தோம். ஆலையிலிருந்து கொண்டுவந்த தீப்பெட்டி லேபிள்கள்தான் ரூபாய் நோட்டு. அவன் அப்பாவின் பழைய தோல் பையின் வாரைக் குறுக்கித் தோளில் மாட்டிவிட்டேன். என் அம்மா, நான், ஒரு தலையணை, அந்தத் துணிப் பொம்மை ஆகியோர் பயணிகள். அவன் வாக்கரில் வந்து முதல் நாற்காலியின் பக்கம் நின்றான். "எங்கே போக வேண்டும்?" என்றான். "விருதுநகர், ஒன்று" என்று ஆச்சி லேபிளை நீட்டினாள்.

டிக்கெட்டைக் கிழிக்க இரண்டு கையும் வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து நாற்காலிக் கையில் வைத்தான். இடுப்பை மெதுவாக நகர்த்தி நாற்காலியில் சாய்த்துக்கொண்டான். பிறகு இரண்டாவது கையையும் விட்டான். கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, மடித்து, ஆச்சி கையில் வைத்துவிட்டு, மறுபடி வாக்கரைப் பிடித்தான். மூன்று வினாடி இருக்கும், நாலு இருக்கும். ஓடும் பஸ்ஸில் கண்டக்டர்கள் இருக்கையின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து நின்றுதானே டிக்கெட் கொடுப்பார்கள்? ஒன்றரை ஆண்டுகளாக என் மடியில் உட்கார்ந்து மதுரைக்குப் போன பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். பாதத்தைப் பார்க்கவே இல்லை. லேபிளில் இருந்த மயில் படத்தைப் பார்த்து, "இது இருபது ரூபாய். சில்லறை இல்லையா?" என்று ஆச்சியைக் கேட்டான். அத்தனை மாதப் பயிற்சியில் நாங்கள் அவனிடம் கெஞ்சிக் கேட்டதெல்லாம் ஒரு கையை விடு என்பதைத்தான்.

அடுத்த நாளே நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். இதைக் கவனமாகப் படியுங்கள்; எல்லாப் பெற்றோரும் செய்யக்கூடிய தவறு. அவன் கையை விட்டது எனக்கு அவ்வளவு ஆசையைக் கிளப்பிவிட்டது. "இன்னும் ஒரு டிக்கெட், கண்ணு. இன்னும் பத்து டிக்கெட். காலை நேராக வை. குதிகால் தரையில் படட்டும்" என்று சொல்லத் தொடங்கினேன். நாலாவது டிக்கெட்டில் பையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டான். மூன்று நாள் பஸ் ஓடவில்லை. விளையாட்டுக்குள் பயிற்சியை ஒளித்து வைக்கிறோம் என்று நாம் நினைப்போம். பிள்ளைக்கு அது நொடியில் தெரிந்துவிடும். தெரிந்ததும் அந்த விளையாட்டும் இன்னொரு தெரபி அறை ஆகிவிடும். பயிற்சிக்குத் தனி நேரம் வைத்து, பயிற்சி என்று சொல்லியே செய்யுங்கள். விளையாட்டில் நீங்கள் பயணி மட்டும்தான். பயணி கண்டக்டருக்கு நிற்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதில்லை. மன்னிப்புக் கேட்டுத்தான் பஸ்ஸைத் திரும்ப ஓட்ட வைத்தேன். "நான் ஒழுங்காக உட்கார்ந்து வருகிறேன்" என்றேன். "பேசக் கூடாது" என்றான்.

பயணியாக இருப்பதற்கும் பழக்கம் தேவைப்படுகிறது. முக்கியமாகக் காத்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு மனம் நினைப்பதை உடல் செய்ய நேரம் ஆகும். அவன் டிக்கெட்டை எடுக்கும் முன்பே நான் கையை நீட்டி வாங்கிவிடுவேன். அவன் ஊர்ப் பெயரைத் தேடும்போது நான் எடுத்துக்கொடுத்துவிடுவேன். மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் அந்தப் பத்து எண்ணுவது பெரிய தவமாக இருந்தது. பல தடவை எட்டிலேயே அவன் சொல்லிவிடுவான். சாத்தூர், விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம், மாட்டுத்தாவணி என்று வரிசை தவறாமல் கூவினான். இருபது ரூபாய் விசில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். தொடக்கத்தில் காற்றுதான் வந்தது. ஆடி மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் தாங்கவில்லை என்றார்கள். அவர்களிடம் வருத்தம் தெரிவித்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இட ஏற்பாட்டில் நான் கற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலிகள் சறுக்கினால் எல்லாம் கெட்டது. சுவரோடு ஒட்டிப் போட்டு, கால்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டுங்கள். தரையில் மிதியடி, விரிப்பு எதுவும் வேண்டாம். பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பிக்கும் தூணுக்கும் இடையில் நைலான் கயிறு கட்டினேன். அது தொய்ந்து, ஒருநாள் நெற்றி புடைக்க விழுந்தான். பிறகு வெல்டிங் கடையில் சொல்லி, அவன் நெஞ்சு உயரத்துக்கு இரும்புக் குழாய் ஒன்றைச் சுவரில் பதித்தேன். கூலியோடு 900 ரூபாய். பெயர் தெரியாத வெளிநாட்டுப் பொருட்களுக்குக் கொடுத்த 11,500 ரூபாயை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஸ்பிளிண்ட் போட்டபடிதான் பஸ் ஓட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கண்டக்டர் பூட்ஸ்" என்று அவனே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டான். நான் வைத்திருந்தால் நிலைத்திருக்காது.

விழுவதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். அந்தப் பயம் என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது. அவன் தள்ளாடினாலே நான் "ஐயோ" என்று கத்துவேன். ஒருநாள் திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் விழுந்தான். என் ஐயோ வெளியே வரும் முன்பே ஆச்சி, "என்ன கண்டக்டர், பஸ் பிரேக்டவுனா?" என்று கேட்டுவிட்டாள். தரையில் கிடந்தவன் ஒரு கணம் யோசித்தான். "பஞ்சர். எல்லோரும் இறங்குங்கள்" என்றான். நாங்கள் இறங்கித் தரையில் உட்கார்ந்தோம். அவன் முட்டிபோட்டு, குழாயைப் பிடித்து, ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்தான். நாலு நிமிடம் ஆனது. கை கொடுக்க யாரும் எழவில்லை. பயணிகள் பஞ்சர் ஒட்டுவதில்லையே. அதற்குப் பிறகு விழுந்தால் அழுவது குறைந்தது. சில நாட்கள் வேண்டுமென்றே பஞ்சர் ஆகும்.

செப்டம்பரில் பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அப்போதுதான் ஒருவர் சொல்லி வட்டார வள மையத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு அங்கே சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே வருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த இடத்தை அறியாமல் நூறு கிலோமீட்டர் பயணம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அங்கிருந்த இயன்முறை மருத்துவர் முதல் நாள் தம்பியின் காலைத் தொடவே இல்லை. அவன் தோளில் இருந்த பையைப் பார்த்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "சாத்தூருக்கு ஒன்று கொடுங்கள், சார்" என்றார். வெளியாளிடம் முகம் காட்டாத பிள்ளை, அரை நிமிடம் அவரையே பார்த்தான். என் கை தானாக அவன் முதுகைத் தள்ளப் போனது. அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். தம்பி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். "சில்லறையாகக் கொடுங்கள்" என்றான். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னதை மறக்க மாட்டேன். பிள்ளை தானே தேர்ந்தெடுத்த ஒரு செயலுக்காக உடலை அசைக்கும்போதுதான் அந்த அசைவு அவனிடம் தங்குகிறது. நாம் பிடித்து அசைக்கும்போது அசைவது நம் கைதான் என்றார். குழாயின் உயரத்தை இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னதும், பை எந்தத் தோளில் தொங்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். விளையாட்டு அவனுடையது, அதன் அளவுகளில் மட்டும் நிபுணரின் யோசனை கேளுங்கள்.

விளையாட்டால் அவன் கால் குணமாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றும் காலையும் மாலையும் தசை நீட்டும் பயிற்சி உண்டு. ஸ்பிளிண்ட் உண்டு, வளர வளர மாற்றவும் வேண்டும். வாக்கரில்தான் நடக்கிறான், தூரம் என்றால் சக்கர நாற்காலி. மாறியது அவன்தான். பயிற்சிக்கு அழைத்தால் ஒளிந்துகொள்வது நின்றது. "பஸ் டெப்போவுக்கு சர்வீஸுக்குப் போகிறது" என்று அவனே பாயில் படுப்பான். ஷார்ஜாவிலிருந்து அவன் அப்பா வீடியோ அழைப்பில் வந்தால், அவருக்கும் டிக்கெட் கட்டாயம். அதுவரை "தம்பி நடக்கிறானா?" என்று மட்டுமே கேட்டுவந்த மனிதர், "மதுரை பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் அவனைப் பாப்பா ஆக்கிவிடுவார்கள், அல்லது நோயாளி ஆக்கிவிடுவார்கள். பாவம் பார்த்துத்தான். நான் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பையும் விசிலும் அவனுடையவை என்பதால், அவன் விசில் அடிக்காமல் பஸ் கிளம்பாது என்ற விதி தானாகவே வந்துவிட்டது. கேட்டு நிற்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் இருந்தார்கள். உங்கள் பிள்ளை எதை விளையாடினாலும், மற்றவர்கள் அவனிடம் வந்து கேட்க வேண்டிய ஒரு பொருளோ ஒரு வேலையோ அவன் கையில் இருக்கட்டும். ஒருநாள் அந்தத் துணிப் பொம்மையை முன் இருக்கையில் தூக்கி வைத்து, "இவனுக்குக் கால் வராது. இது இவன் சீட். யாரும் உட்காரக் கூடாது" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னான். தன் காலைப் பற்றி அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

2021இலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களோடு மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வரும் ஒருவரும் இலவசமாகப் பயணம் செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வாங்கிய பிறகு ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் என்னைப் பார்த்து, "தம்பிக்கு என்ன, காலா?" என்று கேட்டார். எப்போதும் போல நான் பதில் சொல்லத் தொடங்கினேன். மடியில் இருந்தவன் என் கையை அழுத்தினான். "எனக்கு மாற்றுத்திறனாளி டிக்கெட். அம்மாவுக்கு மகளிர் டிக்கெட்" என்றான். பிறகு, "அண்ணா, நீங்கள் எந்த டெப்போ?" என்று கேட்டான். அவர் சொன்னார். இறங்கும் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

2022இல் பள்ளிக்கு அலைந்தேன். ஒரு தனியார் பள்ளியில், மற்றப் பெற்றோர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று சொல்லி விண்ணப்பமே தரவில்லை. இன்னொன்றில் நாள் முழுவதும் நான் உடன் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் வீணானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமை இருக்கிறது. கெஞ்சத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டு போனால் குரலே வேறு மாதிரி வரும். கடைசியில் தெருமுனை அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் தம்பி வாய் திறக்கவில்லை என்று ஆசிரியை சொன்னார். மூன்றாவது வாரம் பையை எடுத்துப்போகலாமா என்று கேட்டான். அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலை அழைத்துவரப் போனபோது, வகுப்பில் பெஞ்சுகள் இரண்டிரண்டாகக் கிடந்தன. பதினெட்டுப் பிள்ளைகள் டிக்கெட் கேட்டு நின்றார்கள். ஒருவன் மட்டும் காசில்லாமல் ஏறிவிட்டான் என்று பெரிய வழக்கு.

அரசு உதவிகளில் நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் குழந்தைகளுக்கு மருத்துவர், இயன்முறை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கும்; எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு, பிள்ளைக்கு வயது கூடும் முன்பே போய்விடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும், சென்னையில் வித்யாசாகரும் பல ஆண்டுகளாக இந்தக் குழந்தைகளோடு வேலை செய்கிறார்கள். அடகுக் கடைக்குப் போகும் முன் இந்த இடங்களில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள்.

அந்த இளம் தாய் போன வாரம் தொலைபேசியில் பேசினார். நகை வீட்டில்தான் இருக்கிறது. அவர் மகளுக்கு எதில் விருப்பம் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார், பிறகு கொஞ்சம் யோசித்து, "காலையில் கோலம் போடும்போது கண் எடுக்காமல் பார்ப்பாள், அக்கா" என்றார். மாவுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காரச் சொன்னேன்.

தம்பிக்கு இப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மதுரை பஸ் இப்போதெல்லாம் விடுமுறை நாட்களில் மட்டும்தான் ஓடுகிறது. பையின் வார் போன ஞாயிற்றுக்கிழமை அறுந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு முறைத்தான். பஸ் நிலையத்துக்கு எதிரில் செருப்புத் தைப்பவரிடம் அவனே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை போக வேண்டும்.